மொட்டை மாடியிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு

முதுகலை இரண்டாம் ஆண்டில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் எனக்கு உறக்கம் சரியாக இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிட்டால், அன்று வகுப்பில் எழுந்து பேச வேண்டியிருக்குமோ என்ற நினைவிலேயே நெஞ்சு படபடக்கும். வீட்டில் இரத்தசோகை என்று முடிவு செய்து முருங்கைக்கீரை சமைத்துப் போட்டார்கள். தனியார் ஆலோசகரிடம் போக என்னிடம் பணம் இல்லை; கேட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

தோழி ஒருத்தி 14416 என்ற எண்ணைச் சொன்னாள். அது 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட, இரவு பகலாக இயங்கும், தொலைபேசியிலேயே மனநல ஆலோசனை தரும், கட்டணமில்லாத அரசுச் சேவையான டெலி மானஸ். எண் கிடைத்த பிறகுதான், இரண்டு அறைகளில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் எங்கே நின்று பேசுவது என்ற கேள்வி எழுந்தது. உலர்ந்த துணிகளை எடுத்து வருவதாகச் சொல்லி மொட்டை மாடிக்குப் போனேன். என் அழைப்பை எடுத்த பெண்மணி முதலில் கேட்டது, இப்போது தடையில்லாமல் பேச முடியுமா என்பதைத்தான். நான் வேறொரு பெயரைச் சொன்னேன், அவர் துருவவில்லை. சிறிது நேரம் கழித்து, செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேட்டார். யாரும் கேட்கக்கூடாது என்று நான் அஞ்சியிருந்த அந்தக் கேள்வியை ஒருவர் பதறாமல் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அரை மணி நேரப் பேச்சின் முடிவில், மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரில் போகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து அங்கிருந்து என்னை மறுபடியும் அழைத்தபோது கைப்பேசியை அம்மா எடுத்துவிட்டார். நல்லவேளையாக, மறுமுனையில் இருந்தவர் விவரம் எதுவும் சொல்லாமல் பிறகு பேசுவதாக வைத்துவிட்டார்.

மருத்துவமனையில் சீட்டு பதியும் இடத்தில் எந்தப் பிரிவு என்று கேட்டார்கள். நான் முணுமுணுத்ததை அந்த ஊழியர் வரிசை முழுவதும் கேட்கும்படி திருப்பிச் சொன்னது மட்டும் இன்றும் உறுத்துகிறது. மற்றபடி, எனக்குப் பதினெட்டு வயது கடந்திருந்ததால் பெற்றோரின் ஒப்புதலை யாரும் கேட்கவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி என் விவரங்களை இரகசியமாகக் காக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள் என்பதை உளவியலாளரே எடுத்துச் சொன்னார். மருத்துவர் பத்து நிமிடம் பேசிவிட்டுத் தைராய்டு பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். தைராய்டு குறைபாடும் இப்படிச் சோர்வைத் தரக்கூடுமாம். எனக்கு அது இல்லை.

உளவியலாளருடன் முதல் நாள் முக்கால் மணி நேரம் கிடைத்தது. அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. எத்தனை மணிக்குப் படுத்தேன், எப்போது விழித்தேன், விழித்தவுடன் மனத்தில் ஓடிய முதல் வாக்கியம் என்ன என்று ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னார். இரண்டு வாரம் எழுதிய பிறகு பார்த்தால் ‘எல்லாரும் சிரிப்பார்கள்’ என்ற ஒரே வாக்கியம் பதினோரு முறை வந்திருந்தது. வகுப்பில் நாளுக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பது அதற்கடுத்த வீட்டுப்பாடம். முதல் கேள்வியைக் கேட்க எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

மூன்றாவது முறை இரண்டு பேருந்து மாறிப் போனபோது, உளவியலாளர் வட்ட மருத்துவமனை முகாமுக்குச் சென்றிருந்தார். அதன்பின் ஒவ்வொரு முறையும் அடுத்து அவர் எந்தக் கிழமை இருப்பார் என்று கேட்டு, சீட்டின் பின்புறத்தில் குறித்துக்கொண்டேன். புதிதாகப் போகிறவர்களும் அப்படிச் செய்வது நல்லது. மருத்துவர் தந்த மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்று சொல்லியிருந்தும், பயனில்லை என்று பத்தாம் நாளே நானாக நிறுத்தி மருத்துவரிடம் திட்டு வாங்கினேன்.

ஐந்தாவது முறை போகும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. ஆனாலும் மறுநாள் காலை எனக்கு முன்பாகவே புடவை மாற்றிக்கொண்டு நின்றார். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இருவரும் சேர்ந்தே போகிறோம். என் சீட்டுகளைத் துணிக்கடைப் பையில் சுருட்டி வைத்துக்கொள்ளும் அவர், எங்கே போகிறீர்கள் என்று எதிர்வீட்டு அத்தை கேட்டால் கண் மருத்துவரிடம் என்றுதான் இன்னும் சொல்கிறார்.