பெங்களூர் பி.பி.ஏ பட்டத்துக்கு துபாய் முத்திரை: எங்கெல்லாம் மாட்டிக்கொள்வோம்

நான் படித்தது, சர்வதேச வேலைக்குத் தயார் செய்கிறோம் என்று வாசலில் பெரிய பலகை வைத்திருக்கும் தனியார் காலேஜ். துபாய் வேலை ஆஃபர் வந்ததும் அட்டஸ்டேஷன் (பட்டம் உண்மையானதுதான் என்று அதிகாரப்பூர்வ முத்திரை வாங்குவது) எப்படி என்று கேட்டால், "நம்ம சீல் போதும்" என்று கிளார்க் சிரித்துக்கொண்டே குத்திக் கொடுத்தார். அந்த சீலை எச்.ஆர்.டி (மாநில உயர்கல்வித் துறையின் சரிபார்ப்பு) கவுன்டரில் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு நாள் பாழ்.

காலேஜ் வெறும் இணைப்புக் கல்லூரி. பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம். அதன் சரிபார்ப்புக் கடிதம்தான் முதலில் வேண்டும். கடைசி செமஸ்டரில் காலேஜே தனியாகக் கொடுத்த "குளோபல் பிசினஸ்" சான்றிதழ் இந்தக் கணக்கிலேயே வராது. அதற்குக் கட்டிய பணத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

வரிசை இதுதான்: பல்கலைக்கழகம், மாநில உயர்கல்வித் துறை, நம் வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், அங்கே போனபின் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம்.

தமிழ்நாட்டில் பள்ளி முடித்துவிட்டு இங்கே வந்தவர்கள் கவனியுங்கள். எந்த மாநிலம் கொடுத்த சான்றிதழோ அந்த மாநிலம்தான் சரிபார்க்கும். கம்பெனி ப்ளஸ் டூ மார்க் ஷீட்டையும் கேட்டால் அதைச் சென்னைக்கு அனுப்பியாக வேண்டும். பெங்களூரில் வரிசையில் நின்று பயனில்லை, நின்று பார்த்தாயிற்று.

அடுத்தது இனிஷியல். மார்க் ஷீட்டில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று ஸ்டாம்ப் பேப்பரில் நோட்டரி அஃபிடவிட் எடுத்து, பாஸ்போர்ட் நகலோடு முதல் நாளே வைத்துவிடுங்கள். கேட்டபிறகு ஓடினால் மறுபடி முதலிலிருந்து.

பட்டத்தை லேமினேட் செய்திருந்தால் அதுதான் பெரிய தலைவலி. முத்திரையும் ஸ்டிக்கரும் பின்பக்கத்தில் விழ வேண்டும், பிளாஸ்டிக் மேல் குத்த மாட்டார்கள். ஓரத்தில் மட்டும் ஒட்டிய கவர் என்றால் பிளேடால் கீறி எடுத்துவிடலாம். சூடு போட்டு ஒட்டியதை உரித்தால் பெயரின் பாதி எழுத்து பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். அதற்குப் பல்கலைக்கழகத்தில் டூப்ளிகேட்டுக்கு விண்ணப்பிப்பதே மேல்.

ஏஜெண்ட் விஷயத்துக்கு வருகிறேன். நம் வெளியுறவு அமைச்சகம் 2012-லிருந்து சான்றிதழ்களை நேரடியாக வாங்குவதில்லை, அங்கீகரித்த ஏஜென்சி வழியாகத்தான். அங்கே இருந்த பையன் பாரத்தில் "அப்போஸ்டில்" என்று டிக் அடிக்கப் போனான். கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. அப்போஸ்டில் என்பது ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் ஒரே ஸ்டிக்கர். இந்தியா 2005-ல் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது, கனடாகூட 2024-ல் வந்துவிட்டது. அமீரகம் அதில் இல்லை. அங்கே அந்த ஸ்டிக்கர் செல்லாது, சாதாரண அட்டஸ்டேஷன்தான். அப்போஸ்டிலுக்கு அரசு கட்டணம் 50 ரூபாய், சாதாரண அட்டஸ்டேஷனுக்கு அதுவும் கிடையாது. மீதியெல்லாம் ஏஜென்சியின் சேவைக் கட்டணம், தூதரகக் கட்டணம். ஆகவே "பேக்கேஜ்" என்று மொத்தமாகச் சொன்னால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

எச்.ஆர்.டி வேண்டாம், டெல்லியில் எஸ்.டி.எம் (சப்-டிவிஷனல் மாஜிஸ்திரேட்) கையெழுத்து சீக்கிரம் கிடைக்கும் என்றும் ஆசை காட்டுவார்கள். சீக்கிரம் கிடைப்பது உண்மை. ஆனால் எல்லா இடத்திலும் அதை ஏற்பதில்லை. வேலை தரும் கம்பெனியிடம் மெயிலில் கேட்டு, பதில் வந்தபிறகு முடிவு செய்யுங்கள்.

தூதரக முத்திரை சத்தமில்லாமல் முடிந்தது. கைக்கு வந்ததும் இரண்டு பக்கமும் கலரில் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். துபாயில் கம்பெனிக்காக விசா வேலை பார்க்கும் பி.ஆர்.ஓ முதலில் கேட்பது பின்பக்கத்தைத்தான்.