மூன்றாவது ஃப்ரெட்டில் மாட்டிய ஹம்

பழைய மைக் செட்டைக் கிட்டார் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) ஆக்கினேன், அதில் விடாமல் ரீங்கரித்த ஹம் ஒருவழியாக ஒழிந்தது. பதினேழு நாள் என்னைப் பாடாய்ப் படுத்தியது ஒரு போல்ட்.

ஆம்ப், புதுச்சேரியில் பாகூர் பக்கம் மைக் செட் வைத்திருந்த ஒரு அண்ணன் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தது. காதுகுத்துக்கும் தீமிதிக்கும் புனல் ஸ்பீக்கரில் அலறிய, டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய் வால்வு செட், பெயர்த் தகடு எப்போதோ விழுந்துவிட்டது. ஸ்பீக்கரை ஓட்டும் ஈஎல்84 வால்வு இரண்டு, அதற்கு முன்னால் சிக்னலைப் பெருக்கும் ஈசிசி83 இரண்டு, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர் வால்வு ஈஇசட்81. பழைய பேப்பர் கப்பாசிட்டர்களைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் போட்டேன், அதில் ஒன்று லீக் ஆகி ஈஎல்84இன் கிரிட்டில் (கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் முனை) பாசிட்டிவ் ஏறினால், கரண்ட் எகிறி உள்ளே பிளேட் அடுப்புக் கங்கு மாதிரி சிவந்துவிடும். டிசியைச் சமன் செய்யும் ஃபில்டர் கப்பாசிட்டர் 32க்குப் பதில் 47 மைக்ரோ ஃபாரட், 450 வோல்ட். ஈஇசட்81க்கு 50தான் உச்சம், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. மைக் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிவிட்டு கிட்டார் ஜாக், 1 மெகா ஓம், 68 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், வழக்கமான கதைதான். இரண்டு பின் ஒயரை மூன்று பின்னாக்கி, எர்த்துக்குத் தனி போல்ட் போட்டாயிற்று.

சீரீஸ் லேம்ப்பில் (ஷார்ட் இருந்தால் ஆம்ப் கருகாமலிருக்க, கரண்ட்டை ஒரு குண்டு பல்ப் வழியாக விடுவது) போட்டதும் பல்ப் பளிச்சென்று எரிந்து மங்கியது, ஷார்ட் இல்லை. ஆகா என்றிருந்தது. (100 வாட் குண்டு பல்புக்கு நேரு வீதியில் நான்கு கடை ஏறி இறங்கினேன், எல்லோரும் எல்இடியையே நீட்டுகிறார்கள்.) நேரடியாக 230 வோல்ட்டில் போட்டால், ங்ங்ங்ங் என்று ஒரே ரீங்காரம்.

வால்யூமைக் குறைத்தால் குறைகிறது, முதல் ஈசிசி83ஐப் பிடுங்கினால் நின்றே போகிறது. அப்போ வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் ஒயரின் ஏசிதான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். ஹீட்டர் ஒயரையெல்லாம் பிரித்துப் பின்னல் போல இறுக்கமாக முறுக்கி மூலையோரமாக ஓட்டினேன். 100 ஓம் ரெசிஸ்டர் இரண்டு போட்டு நடுப்புள்ளியை எர்த் செய்தேன். மூன்று வால்வு மாற்றிப் பார்த்தேன், அதில் ஒன்று பெட்டி பிரிக்காத பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) கம்பெனி வால்வு, பொக்கிஷமாக வைத்திருந்தது. ஹம் அப்படியே குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது. இதற்குள் ஃபில்டர் கப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்ய மறந்து ஒருமுறை முழங்கை வரை ஷாக் வாங்கியும் கட்டிக்கொண்டேன். அம்மா பார்த்துவிட்டு அன்றைக்கு முழுக்க என்னிடம் பேசவில்லை.

வெறுத்துப்போய் ஒரு ராத்திரி ஹம்மோடயே கிட்டாரைச் செருகி வாசித்தேன். தடித்த கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை (வீணையின் மெட்டு மாதிரி) அழுத்தினதும் ஹம்மும் கம்பியும் ஒன்றாகச் சேர்ந்து, வாவ்… வாவ்… என்று நொடிக்கு இரண்டு தடவை ஏறி இறங்கின. அந்த ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். அப்போ ஹம் 100! நம்ம கரண்ட் 50, ஹீட்டர் ஹம்மாக இருந்தால் ஒரு ஸ்தாயி கீழே கேட்டிருக்க வேண்டும். ரெக்டிஃபயர் அலையின் இரண்டு பாதியையும் ஒரே பக்கம் திருப்பி 50ஐ 100 துடிப்பாக்கும், அதனால் 100 என்றால் ரெக்டிஃபயருக்குப் பிறகுதான் கோளாறு. பதினைந்து நாளாகத் தப்பான ஆளைப் பிடித்து உதைத்திருக்கிறேன்.

மறுநாள் சேசிஸை (எல்லாம் பொருத்திய இரும்புச் சட்டம்) கவிழ்த்து உட்கார்ந்தேன். டிரான்ஸ்ஃபார்மரின் சென்டர் டேப் (சுற்றின் நடு முனை) ஒரு மூலையில் சேசிஸில் இறங்கியிருக்கிறது. முதல் கப்பாசிட்டரின் நெகட்டிவ் எதிர் மூலையில் வேறொரு போல்ட்டில், முதல் வால்வின் எர்த்தும் அதே போல்ட்டில். மீட்டரை வைத்து அந்த போல்ட்டை லேசாகத் திருகினால் 0.3 ஓம், விட்டால் 2 ஓம். கழற்றிப் பார்த்தால் ஒயர் முனையின் டேகுக்கு அடியில் செங்கல்பொடி மாதிரி துரு. புதுச்சேரி உப்புக்காற்றுக்கு வெளியே கேட், உள்ளே சேசிஸ் என்ற பேதமெல்லாம் கிடையாது. கப்பாசிட்டர் சார்ஜ் ஆகும் ஒவ்வொரு துடிப்பும் அந்தத் துருவைத் தாண்டித்தான் திரும்பியிருக்கிறது, அதை முதல் வால்வு சிக்னல் என்று நினைத்துப் பெருக்கியிருக்கிறது.

சென்டர் டேப்பிலிருந்து தடித்த ஒயரை நேரே கப்பாசிட்டர் நெகட்டிவுக்கு இழுத்தேன். முதல் வால்வின் எர்த்தைப் பிரித்து இன்புட் ஜாக் பக்கம் கொண்டுபோய் அங்கே மட்டும் சேசிஸைத் தொட வைத்தேன், அதுவும் உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்த பிறகு. ஆன் செய்தேன். ஸ்… என்ற இரைச்சல் மட்டும். முதலில் அதுகூடக் காதில் விழாமல், ஸ்பீக்கர் ஒயர் கழன்றுவிட்டதோ என்று பதறி, உடனே ஆஃப் செய்து பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

கடைசியாக பயாஸ் (ஈஎல்84களில் சும்மா இருக்கும்போது ஓடும் கரண்ட்) பார்த்தேன், கேத்தோடின் 130 ஓம் ரெசிஸ்டரில் 10.4 வோல்ட், அதாவது இரண்டுக்கும் சேர்த்து 80 மில்லி ஆம்ப். பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவில் 300 வோல்ட், ஸ்கிரீன் கரண்ட்டைக் கழித்தால் ஆளுக்குச் சுமார் 11 வாட், ஈஎல்84இன் உச்சமான 12க்குள் அடங்குகிறது.

டோன் கன்ட்ரோல் இன்னும் பழைய மைக் செட் பேஸ்-ட்ரெபிள்தான், கிட்டாருக்குச் சப்பென்று இருக்கிறது. அதைத் தொடுவதற்கு முன்பே 12 இஞ்ச் ஸ்பீக்கருக்குப் பெட்டி கனவு வந்துவிட்டது. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய தேக்குப் பலகை பார்த்து வைத்திருக்கிறேன், கடைக்காரர் இறங்கி வர மாட்டேன் என்கிறார். பாட் (வால்யூம் திருகு), சுவிட்ச் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில்தான் வாங்க வேண்டும், அடுத்த மாதம் சென்னை போகும்போது பார்க்கலாம். பாகூர் அண்ணனுக்கு போன் போட்டு வாசித்துக் காட்டினேன். "எல்லாம் சரி தம்பி, கணீர்னு மைக்ல பேசுமா?" என்றார். மைக் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிய கதையை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.