ஆரின்ரை காணி இது?

போன கோடையில் அம்மா முதன்முறையாக வான்கூவர் வந்தார். சக்கர நாற்காலியில் வெளியே வந்ததும் பயணக் களைப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "தம்பி, உள்ளுக்கை ரெண்டு பெரிய மரச்சிலையள் நிக்குது. ஆம்பிளையும் பொம்பிளையும். ஆர் அவை?"

"இந்தக் காணிக்காரர், அம்மா. வாறவையை வரவேற்க நிக்கினம்."

"காணிக்காரரோ? அப்ப அவையளுக்கு ஏதும் குடுக்கினமோ?"

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்தில் மயிலிட்டி, பலாலி விமான ஓடுபாதைக்குப் பக்கம். 1990 இல் விட்டு வந்த வளவின் காணி உறுதிப் பத்திரத்தை அம்மா இன்னும் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கிறார். விமான நிலையம் என்றால் அவருக்கு முதலில் ஞாபகம் வருவது காணிதான்.

வான்கூவர் விமான நிலையம் இருப்பது ஃபிரேசர் ஆற்றின் முகத்துவாரத்தில், சீ ஐலண்டில். அது மஸ்குவியம் என்ற பூர்வகுடி மக்களின் மண். அவர்களுடைய இன்றைய கிராமம் வடக்குக் கிளையாற்றின் எதிர்க்கரையில்தான் இருக்கிறது. அம்மா பார்த்த சிலைகளைச் செதுக்கியவர் மஸ்குவியம் கலைஞர் சூசன் பொயின்ட். சிவப்பு சிடார் மரத்தில் அவர் செய்த மாபெரும் தக்களி வட்டும் அங்கேயே தொங்குகிறது. மலையாட்டு மயிரை நூலாக்கிய பெண்களின் கையில் சுழன்ற சிறிய பொருள் அது. எனக்கு அங்கே மிகவும் பிடித்தது அதுதான். எல்லோரும் படம் எடுப்பது மேல்தளத்தில் இருக்கும் சிற்பி பில் ரீடின் வெண்கலத் தோணியைத்தான். அற்புதமான வேலைதான், ஆனால் அது வடக்கே இருக்கும் ஹைடா என்ற வேறொரு பூர்வகுடி மக்களின் கதை.

இவையெல்லாம் 1996 இல் வந்தவை. விமான நிலையம் காணிக்காரரோடு ஒப்பந்தம் செய்தது 2017 ஜூன் 21 அன்று. சிலைக்கும் கையெழுத்துக்கும் இடையில் 21 வருடம்! கலைப்பொருள் வைப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வரவேற்கும் ஆளை வாசலில் நிறுத்திவிட்டு வீட்டு வருமானத்தில் பங்கு கொடுக்காமல் இருப்பது முறையில்லை. அந்த ஒப்பந்தப்படி ஆண்டு வருமானத்தில் 1% மஸ்குவியத்துக்குப் போகிறது. இலாபத்தில் அல்ல, வருமானத்தில். இலாபமே வரவில்லை என்று கைவிரிக்க முடியாது. கூடவே வேலைகள், பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை.

நிலத்துக்குள் கிடக்கும் தொல்பொருள்களைக் கண்டறிந்து காப்பதும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. அதன் பெறுமதி தெரியவேண்டுமென்றால் ஆர்தர் லேங் பாலத்தில் போகவேண்டும். நகரத்திலிருந்து விமான நிலையம் போகும் பாதை அது. பாலத்தின் வடமுனையில் மார்போலில் ஒரு பழைய மஸ்குவியம் ஊர் மண்ணுக்குள் இருக்கிறது. 1933 இலேயே தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்த இடம். அப்படியும் 2012 இல் அங்கே மாடிவீடு கட்டத் தோண்டினார்கள். மூதாதையரின் எலும்புகள் வெளியே வந்தன. வேலையை நிறுத்த அந்த மக்கள் 200 நாளுக்கு மேல் காவல் இருந்தார்கள். தோண்டுமுன் அவர்களைக் கேட்கவேண்டும் என்பதற்காக இவ்வளவு பாடு.

அதே பாலத்தால் வீடு திரும்பும்போது இதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன். ஆற்றைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு வந்தார்.

"ஒப்பந்தம் எத்தனை வரியத்துக்கு?"

"முப்பது."

"அது முடிஞ்சால்?"

2047 இல் என் மகளுக்கு 40 வயது. அவளும் இந்த ஊரில்தான் இருப்பாள்.