அப்பாவின் 555 புத்தகங்கள்

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், பினாங்கு ஆயர் ஈத்தாம் வீட்டு இரும்பு அலமாரியைக் காலி செய்தேன். கீழ்த்தட்டில் அப்பாவின் பெல்ட், காய்ந்துபோன பிராஸோ டப்பா, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு. தொட்டதும் ரப்பர் பேண்ட் பொடிந்துவிட்டது. உள்ளே பதினோரு 555 புத்தகங்கள்.

மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு 555 என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு. அட்டையில் 555 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். மளிகைக் கடையில் கடனுக்கு அரிசி பருப்பு வாங்கினால் கடைக்காரர் இதில்தான் எழுதுவார். எங்கள் வீட்டு ஆணியிலும் ஒன்று தொங்கியது. ஆனால் இந்தப் பதினொன்றும் கடைக் கணக்கு இல்லை.

பக்கத்துக்கு இரண்டு பத்தி. இடது பக்கம் தேதியும் நேரமும். "6–2. நிற்கச் சொன்னார்கள். 9 வரை." "லீவு. கூப்பிட்டார்கள். 3–11." வலது பத்திக்கு மேலே "கிடைத்தது" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். அந்தப் பத்தியில் பெரும்பாலும் வெறும் கோடுதான். எப்போதாவது "1 நாள் லீவு" என்று வருகிறது. சில இடங்களில் அதுவும் அடிக்கப்பட்டு, பக்கத்தில் "வெட்டு".

அப்பா 1962ல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தார். கோலாலம்பூர் புலாபோலில் பயிற்சி. 1997ல் சார்ஜனாக ஓய்வு. முப்பத்தைந்து வருடத்தில் வேலை நேரத்தைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை குறைப்பட்டு நான் கேட்டதில்லை. கவர்மெண்ட் தனக்குத் தர வேண்டிய கடனை மனிதர் 555ல் எழுதி, அம்மாவின் சேலைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்.

ஒரு பக்கத்தில் தைப்பூசம். "தண்ணீர்மலை. காலை 4 – மறுநாள் 1." இருபத்தொரு மணி நேரம். அந்தத் தைப்பூசம் எனக்கு நினைவிருக்கிறது. அம்மா பால்குடம் எடுத்தார், நானும் தம்பியும் பின்னால் நடந்தோம். மலையடிவாரத்தில் கயிறு கட்டிய இடத்தில் அப்பா நின்றார். தம்பி "அப்பா!" என்று கத்தினான். அப்பா எங்களைப் பார்க்காமல் எங்களுக்கு மேலே எங்கேயோ பார்த்தார். நாங்கள் கடந்து போன பிறகு திரும்பிப் பார்த்தேன். அப்போதும் அதே இடத்தில்தான் பார்வை. அவருக்குக் கோபம் என்று அன்று நினைத்தேன். கால்வலி என்று இப்போது தோன்றுகிறது. ஓய்வு பெற்ற பிறகு இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு, மாலையானால் நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டுதான் செய்தி பார்ப்பார்.

நான் பேங்கில் கிளார்க். முப்பத்து மூன்று வருடம் யூனியன் உறுப்பினர், அதில் கொஞ்ச காலம் கிளைக் கமிட்டியிலும் இருந்தேன். ஓவர்டைம் அரை மணி நேரம் விட்டுப்போனாலும் கடிதம் எழுதுகிற ஆள். அப்படிப்பட்டவள் வீட்டிலேயே இப்படி ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

அப்பாவால் யூனியனில் சேர முடியாது. 1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தில் 27வது பிரிவு, போலீஸ், ராணுவம், சிறை ஊழியர் யாரும் தொழிற்சங்கத்தில் சேரக்கூடாது என்கிறது. ஆசிரியர்கள் சேரலாம், தாதிகள் சேரலாம், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான கியூபெக்ஸ் அவர்களுக்காகச் சம்பளம் கேட்கும். போலீஸ்காரர் கேட்க வேண்டியதை மேலதிகாரி மூலமாகத்தான் கேட்க வேண்டும். அந்த மேலதிகாரிதான் "நில், ஒன்பது வரை" என்று சொன்னவரும்.

இது மலேசியாவின் தனிக் கண்டுபிடிப்பு இல்லை. சங்கம் வைக்கும் உரிமை பற்றிய 1948ஆம் ஆண்டு அனைத்துலக உடன்படிக்கையிலேயே, ராணுவத்தையும் போலீஸையும் அந்தந்த நாடு தன் இஷ்டப்படி பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். 1918ல் லண்டன் போலீஸ் வேலைநிறுத்தம் செய்தது. மறுவருடம் பிரிட்டிஷ் அரசு சங்கத்தைத் தடை செய்து, பதிலுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லாத ஒரு ஃபெடரேஷனைக் கொடுத்தது. எதிர்த்து லிவர்பூலில் வெளியே வந்தவர்கள் அத்தனை பேருக்கும் வேலை போயிற்று. அதே 1919 செப்டம்பரில் பாஸ்டன். சொந்தக் காசில் சீருடை தைத்துக்கொண்டு, வாரத்துக்கு எழுபது மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்த சுமார் 1,100 பேர் வெளியே வந்தார்கள். ஊர் கொள்ளை போனது, அவர்களும் திரும்பச் சேர்க்கப்படவில்லை. பொதுமக்கள் பாதுகாப்புக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்ய யாருக்கும் எங்கும் எப்போதும் உரிமை இல்லை என்று தந்தி அடித்த கவர்னர் கால்வின் கூலிட்ஜ், நாலு வருடத்தில் அமெரிக்க ஜனாதிபதி.

ஆனால் நான் இரண்டு முறை படித்தது மெல்பர்ன் கதையை. ரோந்து போகிற கான்ஸ்டபிள் தூங்குகிறானா என்று ஒளிந்து பார்க்க, மேலிடம் சாதா உடையில் ஆள் வைத்தது. கான்ஸ்டபிள்கள் அவர்களுக்கு வைத்த பெயர் "பேய்கள்". 1923 அக்டோபர் 31, மெல்பர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயத்துக்கு முந்தைய வாரம். இரவு ஷிஃப்டுக்கு வந்தவர்கள், பேய்களை எடுத்தால்தான் ரோந்து போவோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அந்த வார இறுதியில் டிராம் வண்டியைக் கவிழ்த்தார்கள், கடைக் கண்ணாடிகள் நொறுங்கின. 636 போலீஸ்காரர்களுக்கு வேலை போனது, ஒருவரையும் திரும்ப எடுக்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்குச் சம்பள உயர்வும் ஓய்வூதியமும் கிடைத்தன. எங்கள் யூனியனிலும் இப்படித்தான். கத்தினவனுக்கு டிரான்ஸ்ஃபர், அவன் கத்தியதற்கான அலவன்ஸ் அடுத்து வந்தவனுக்கு.

பிரேசிலில் நடந்ததைப் படித்தபோது மட்டும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாத விஷயம்தான். 2017 பிப்ரவரி, எஸ்பிரிட்டோ சான்டோ மாநிலம். அங்கே ராணுவ போலீஸ் வேலைநிறுத்தம் செய்யச் சட்டத்தில் இடமில்லை. அதனால் அவர்களுடைய மனைவிமார்கள் பாசறை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். வண்டி வெளியே போக முடியவில்லை, நாங்கள் என்ன செய்வது என்று புருஷர்கள் உள்ளே இருந்தார்கள். மூன்று வாரம் இழுத்தது. அந்த இடைவெளியில் நூறு பேருக்கு மேல் கொலையானார்கள், ராணுவம் வந்தது. என் கண்ணில் வந்து நின்றது அம்மா. மலேசியப் போலீஸ் குடும்பங்களுக்கு பெர்கெப் என்று ஒரு சங்கம் உண்டு. அம்மா அதில் உறுப்பினர். கேக் செய்யக் கற்றுக்கொண்டது அங்கேதான். அதிகாரிகளின் மனைவிமார் முன்வரிசையில் உட்காருவார்கள், கான்ஸ்டபிள் மனைவிமார் பின்னால் இருந்து நாற்காலி அடுக்குவார்கள். அந்தக் கூட்டம் போலீஸ் நிலைய வாசலை மறித்து உட்காருவதை நினைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

சரி, போலீஸுக்கும் யூனியன் வேண்டும் என்று எழுதி முடித்துவிடலாம்தான். போன மாதம் பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணப் பந்தியில் இதையே சொன்னேன். எதிரே உட்கார்ந்திருந்த உறவுக்கார அண்ணன் அப்பளத்தை அப்படியே இலையில் வைத்தார்.

"லாக்கப்ல செத்தவனுக்கு எந்த யூனியன்மா பேசும்?"

பந்தியில் யாரும் பேசவில்லை. நம்மவர்கள் யாருக்கும் இந்தக் கேள்வியை விளக்க வேண்டாம். 2009ல் குகன், 2013ல் தர்மேந்திரன், 2021ல் கணபதி. பெயரைச் சொன்னால் போதும், பந்தியில் பாதிப் பேருக்கு மீதியும் தெரியும். அண்ணன் கேட்டதற்கு அமெரிக்காவில் பதில் இருக்கிறது, நல்ல பதில் இல்லை. மினியாபொலிஸில் 2020ல் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் முழங்காலை வைத்தவர் மேல் அதற்கு முன்பே பதினேழு புகார்கள் இருந்தன. அங்கே பல ஊர்களில் போலீஸ் யூனியன் ஒப்பந்தத்தில் சம்பளத்தோடு ஒழுங்கு நடவடிக்கையும் சேர்ந்தே இருக்கிறது. எத்தனை நாள் கழித்து விசாரிக்கலாம், பழைய புகாரை எப்போது அழிக்கலாம், நீக்கியவரை யார் மறுபடி சேர்க்கலாம் என்பதெல்லாம் பேரம். நான் கமிட்டியில் இருந்தவள். பணத்தைக் கையாடியவனுக்கும் யூனியன் வக்கீல் வைக்கும், வைக்கத்தான் வேண்டும். ஆனால் எங்கள் ஆள் இடுப்பில் துப்பாக்கி இல்லை.

யூனியன் என்றாலே இப்படித்தான் ஆகும் என்றும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் 1989ல், கேப்டவுன் பக்கம் மிட்செல்ஸ் பிளெயினில், சக போலீஸார் ஊர்வலக்காரர்களை அடித்ததை கிரிகரி ராக்மன் என்ற லெப்டினன்ட் வெளியே சொன்னார். போப்கிரு என்ற போலீஸ் சங்கம் அங்கிருந்துதான் பிறந்தது. கனடாவில் குதிரைப் போலீஸ் என்கிற தேசியப் போலீஸுக்கு 2015ல் உச்ச நீதிமன்றம் சங்க உரிமை கொடுத்தது. நிர்வாகமே நடத்தும் குறைகேட்பு அமைப்பு சங்கத்துக்குச் சமம் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். அதைப் படித்தபோது அப்பாவின் மேலதிகாரி ஞாபகம் வந்தார். தமிழ்நாட்டில் காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2021ல் உத்தரவு போட்டார்கள். 2021ல்!

அண்ணனிடம் நான் அன்று சொல்லாமல் விட்டது ஒன்று. நம் நாட்டு அரச ஆணையம், முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் சைடின் தலைமையில், 2005ல் 125 பரிந்துரைகள் கொடுத்தது. போலீஸ் மேல் புகாரை விசாரிக்கச் சுயேச்சையான ஆணையம் வேண்டும் என்றது. போலீஸாருக்கு நல்ல சம்பளமும் ஒழுங்கான வீடும் வேண்டும் என்றதும் அதே அறிக்கைதான். இரண்டையும் ஒரே அட்டைக்குள் வைத்துக் கொடுத்தார்கள். அதை நாம்தான் பிய்த்து, அண்ணன் ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டார், போலீஸில் இருக்கிற தம்பி மகன் ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டான். புகார் ஆணையம் 2023 ஜூலையில்தான் வந்தது, அதுவும் விசாரிக்கலாம், தண்டிக்க முடியாது. முடிவை போலீஸ் படை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும்.

என்னைக் கேட்டால், ரோஸ்டர், லீவு, குவார்ட்டர்ஸ், மனநல உதவி, இதற்கெல்லாம் சங்கம் வரட்டும். புகார் விசாரணையை அது தொடவே கூடாது. வேலைநிறுத்தமும் வேண்டாம், மெல்பர்னைப் படித்த பிறகு எனக்கே தைரியம் இல்லை. இவ்வளவு குறைத்துவிட்டு அதற்கு யூனியன் என்று பெயரா என்று என் பழைய கமிட்டித் தோழிகள் கேட்பார்கள். கேட்கட்டும். முப்பத்தைந்து வருடம் "ஏன்" என்று கேட்க அனுமதி இல்லாமல் இருந்த ஒருவன், எதிரே நிற்கிறவன் "ஏன் சார்" என்று கேட்டால் எப்படி எடுத்துக்கொள்வான்? அப்பா கை நீட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. வீட்டில் நாங்கள் "ஏன்பா" என்றால் அவர் முகம் எப்படி மாறும் என்பது தெரியும்.

தம்பி மகன் இப்போது செபெராங் பெராயில் லான்ஸ் கோப்பரல். 555 புத்தகங்களைக் காட்டினேன். நாலு பக்கம் புரட்டிவிட்டுச் சிரித்தான்.

"இப்ப எல்லாம் வாட்ஸ்அப் குரூப் அத்தை. டூட்டி மாத்திக்கணும்னா, லீவு வேணும்னா அதிலேயே போட்டுடுவோம்."

"குறை இருந்தா?"

"குரூப்புக்கு அட்மின் எங்க இன்ஸ்பெக்டர்."

அவன் போன பிறகு கடைசிப் புத்தகத்தை எடுத்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு ஒரு நாள் தேட வேண்டியிருந்தது. சம்பள ஒப்பந்தம் இழுத்தடித்த வருடம், லெபோ பந்தாயில் பேங்க் வாசலில் நாங்கள் பிக்கெட் போட்டோம். சட்டப்படி வேலை நேரத்தில் போட முடியாது, அதனால் மதிய இடைவேளை. அட்டையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால் எதிர்ச்சாரியில் போலீஸ் வேன், அதன் பக்கத்தில் அப்பா. வெயில் கொளுத்தியது. நான் முனைக் கடையில் பையில் கட்டித் தரும் கோப்பி ஓ புங்குஸ் ஒன்று வாங்கி, ரோட்டைக் கடந்து நீட்டினேன். அவர் கை அசையவில்லை. கண்ணை மட்டும் வேன் பக்கம் காட்டினார். பொட்டலத்தைப் பக்கக் கண்ணாடியில் மாட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். தோழிகள் கேலி செய்தார்கள், எனக்கு எரிச்சலாக இருந்தது. எங்கள் பிக்கெட் ஒரு மணி நேரத்தில் முடிந்து, நாங்கள் ஏர்கான் ஹாலுக்குள் போய்விட்டோம்.

பக்கம் கிடைத்தது. "லெபோ பந்தாய், பேங்க் பிக்கெட். 11–3.30. சாப்பாடு இல்லை."

வலது பத்தியில், "கிடைத்தது" என்பதற்குக் கீழே: "கோப்பி 1. ஆறிவிட்டது."