சாலையோரத்து மண்ணும் கண்ணாடி இழையும்

தேசியப் பூங்கா ஒன்றின் வழியே, ஒளியாகத் தகவலைக் கடத்தும் கண்ணாடி இழைகள் கொண்ட ஃபைபர் கேபிள் போடப் போகிறார்கள் என்றதும், காட்டைக் கிழித்துக்கொண்டு போகும் ஒரு பள்ளம்தான் பலரின் மனக்கண்ணில் வருகிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவுக்கான திட்டத்தைப் படித்தபோது எனக்குப் பட்டது வேறு. அங்கே கேபிளைப் போடுவது சின்ன வேலை; மண்ணை எடுத்து, எடுத்த வரிசை மாறாமல் திருப்பி வைப்பதுதான் பெரிய வேலை.

ஏறத்தாழ 187 மைல், அதாவது 300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூங்காவின் சாலைகளை ஒட்டியே கேபிளைப் புதைப்பது என்பது திட்டம். பூங்காவின் தகவல்தொடர்பு அதுவரை, கம்பியில்லாமல் வானலையில் இயங்கும் பழைய மைக்ரோவேவ் இணைப்புகளையே பெரிதும் நம்பியிருந்தது. 2021-ஆம் ஆண்டில் மட்டும் 48 லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவான இடத்தில், கோடைக்கால நெரிசலுக்கு அந்த இணைப்புகள் ஈடுகொடுக்கவில்லை. கேபிள் வந்துவிட்டால், சாலைகளுக்கு அப்பால் காட்டுக்குள் நிற்கும் ஐந்து பழைய மைக்ரோவேவ் பிரதிபலிப்புப் பலகைகளை அகற்றிவிடலாம் என்பதும் திட்டத்தின் ஒரு பகுதி. மண்ணுக்கடியில் ஒன்றைப் புதைத்து, கண்ணுக்குத் தெரிகிற ஐந்தைக் கழற்றுவது நல்ல பேரம் என்றே நினைக்கிறேன்.

சாலையோரத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் எளிது. சாலை போட்டபோதே வெட்டிக் கொட்டி நிரவப்பட்ட மண் அது. அதை மீண்டும் கிளறினால் புதிதாகக் கெடுவது குறைவு. ஆனால் யெல்லோஸ்டோனில் இந்தக் காரணம் முழுதாகச் செல்லுபடியாவதில்லை, ஏனெனில் சாலையே அங்கு ஒரு வரலாற்றுச் சின்னம். 1886 முதல் 1918 வரை பூங்காவை இராணுவம் நிர்வகித்த காலத்தில், ஹைரம் சிட்டென்டன் போன்ற இராணுவப் பொறியாளர்கள் செப்பனிட்டு விரிவாக்கிய பெருவளையச் சாலை, தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் இடம்பெற்றது. அதன் பழைய கல் மதகையோ தடுப்புச் சுவரையோ, வழியில் குறுக்கிடுகிறது என்பதற்காக இடித்துவிட முடியாது. பூங்காவுக்குள் மாமத், நாரிஸ் என்ற இரு இடங்களுக்கு இடையில், சாலையை ஒட்டியே அப்சிடியன் பாறை நிற்கிறது. எரிமலைக் குழம்பு இறுகி உண்டான அந்தக் கருங்கண்ணாடியைப் பூர்வகுடி மக்கள் 11,000 ஆண்டுகளுக்கும் மேலாக வெட்டியெடுத்து ஆயுதங்கள் செய்திருக்கிறார்கள். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒஹாயோ வரை அது கைமாறிப் போயிருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் ஒரு முழ ஆழம் தோண்டினாலும் தொல்லியலாளர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியிருக்கும். அதை வீண் தாமதம் என்று முணுமுணுக்கும் ஒப்பந்தக்காரர்கள் எங்கும் உண்டு. எனக்கு அவர்கள்மேல் அனுதாபம் இல்லை.

இத்தகைய வேலை நடக்கும் விதத்தைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் அதன் நிதானம் புரியும். வெளியூரிலிருந்து வரும் இயந்திரங்களின் சக்கரங்களையும் அடிப்பாகத்தையும் முதலில் கழுவுகிறார்கள், அவற்றில் ஒட்டியிருக்கும் களைவிதை உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காக. பிறகு மேல்மண்ணை மெல்லிய அடுக்காக வழித்து ஒருபுறம் தனியாகக் குவிக்கிறார்கள். அந்த மண்ணின் புல்விதையும் வேரும் நுண்ணுயிரும் அதில்தான் இருக்கின்றன. மண் இளகலாக இருக்கும் இடத்தில், அதிரும் கத்தி பூட்டிய இயந்திரம் தரையை ஒரு கீறலாகப் பிளந்தபடி நகர, அதன் பின்னாலேயே பெரிய உருளையிலிருந்து பிளாஸ்டிக் குழாய் பிரிந்து உள்ளே இறங்குகிறது. கீறல் அநேகமாகத் தானே மூடிக்கொள்கிறது. பாறை வந்தால் அறுக்கும் சக்கரம்தான். ஓடை குறுக்கிட்டால் அதற்கு அடியில் கிடைமட்டமாகத் துளையிட்டுக் குழாயை இழுக்கிறார்கள். துளைக்குள் செலுத்தும் பென்டோனைட் களிக்குழம்பு ஏதாவது ஒரு வெடிப்பின் வழியே ஓடைநீரில் கசிந்து மேலே வராதபடி கண்காணிப்பதற்கென்றே ஓர் ஆள் கரையில் நிற்கிறார்.

யெல்லோஸ்டோனின் தனிச்சிக்கல் சூடான நிலம். நாரிஸ் பகுதியில் இட்ட ஓர் ஆய்வுத் துளையில் ஏறத்தாழ 330 மீட்டர் ஆழத்தில் 237 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. கேபிள் அவ்வளவு ஆழத்துக்குப் போவதில்லை என்றாலும், வெந்நீர் ஊற்றுகளுக்கு அருகில் மேல்மண்ணே கொதிக்கும் இடங்கள் உண்டு. கண்ணாடிக்கு இந்தச் சூடு ஒன்றும் செய்யாது. ஆனால் இழையின்மேல் பூசியுள்ள அக்ரிலேட் என்ற பிளாஸ்டிக் உறை பொதுவாக 85 டிகிரி வரைதான் தாங்கும், பாலிஎத்திலீன் குழாயும் அதற்குள் இளகத் தொடங்கிவிடும்.

குழாய் புதைந்தபின், அழுத்தக் காற்றின் துணையோடு கேபிளை அதற்குள் ஊதிச் செலுத்துவார்கள். பூங்காவுக்குக் கண்ணாடி இழை பொருந்திவருவது இந்தக் கட்டத்தில் தெரிகிறது. 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியின் இழப்பு, அதை அளக்கும் டெசிபெல் அலகில், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.2தான். 80 கிலோமீட்டர் கடந்தபின்னும், இழையின் இழப்பை மட்டும் கணக்கிட்டால், அனுப்பிய ஒளியில் நாற்பதில் ஒரு பங்கு மறுமுனையில் மிஞ்சும். அங்கே ஒளியைப் பெறும் கருவிக்கு அதுவே போதும். ஆகவே மின்சாரமும் கொட்டகையும் கேட்கும் கருவி எதையும் நடுக்காட்டில் வைக்கத் தேவையில்லை.

பருவமும் ஒத்துழைப்பதில்லை. நவம்பர் தொடக்கத்திலிருந்து பெரும்பாலான சாலைகள் மூடப்பட்டு நிலம் உறைந்துவிடுவதால், சுற்றுலாக் கூட்டம் நெரியும் அதே கோடையில்தான் ஒரு பாதையை அடைத்துக்கொண்டு தோண்ட வேண்டும். நடுச்சாலையில் காட்டெருமைக் கூட்டம் நின்றுவிட்டால், வேலை அதோடு நிற்கும். அவற்றிடமிருந்து 25 கெஜமும், கரடி, ஓநாய்களிடமிருந்து 100 கெஜமும் விலகியிருக்க வேண்டும் என்பது பூங்காவின் விதி.

சிக்னல் இல்லாத இடம் வேண்டும் என்றுதானே அங்கே போகிறோம் என்ற எதிர்ப்பு நியாயமானது. அலைபேசி வீச்சைக் காட்டுப் பகுதிக்கு விரிப்பது நோக்கம் அல்ல என்று பூங்கா நிர்வாகம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் புதைந்த கேபிளால் நிலத்தோற்றம் மாறாது. அதன் முனைகளில் நாளை எதைப் பூட்டுகிறார்கள் என்பதால்தான் மாறும். ஆகவே எதிர்ப்பவர்கள் கண் வைக்க வேண்டியது பள்ளத்தின்மேல் அல்ல, பின்னால் வரும் அலைபேசிக் கோபுர விண்ணப்பங்களின்மேல்.

அழகுக்காகவே மக்கள் வரும் சாலையில் இன்னொரு சிறு வழக்கும் எழும். கேபிள் செல்லும் தடத்தை அடையாளம் காட்ட வழக்கமாக ஆரஞ்சு நிறக் கம்பங்களை நடுவார்கள். காட்சிமுனைகளில் அவை கண்ணை உறுத்தும். கம்பம் இல்லாவிட்டாலோ, பின்னாளில் மதகு பழுதுபார்க்க வருபவர் தெரியாமல் கேபிளை வெட்டிவிடக்கூடும். கண்ணாடியை உலோகம் தேடும் கருவியால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் குழாயோடு சேர்த்து ஒரு மெல்லிய செம்புக் கம்பியையும் புதைக்கிறார்கள். அதில் சமிக்ஞையைச் செலுத்தி, மேலே கருவியோடு நடந்தால் தடம் தெரிந்துவிடும். இது இருக்கும்போது கம்பங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, காட்சிமுனைகளில் தரையோடு தரையாகப் பதிக்கும் சிறு தகடுகளை வைப்பதே சரி என்பது என் கருத்து.