ரவுட்டர் இல்லாமல் 38 ஜிபி: இரண்டு மடிக்கணினிகளை இணைத்துப் பார்த்தேன்

பழைய காணொளிகள் 38 ஜிபி. லினக்ஸ் மடிக்கணினியிலிருந்து விண்டோஸ் 7 மடிக்கணினிக்கு, ரவுட்டரோ பென் டிரைவோ இல்லாமல் மாற்ற வேண்டும்.

முதல் நாள் மாலை அட்ஹாக் முறையில் தொடங்கினேன். வைஃபையின் 1997ஆம் ஆண்டுத் தரத்திலேயே உள்ள வசதி இது; நடுவில் எந்தக் கருவியும் இல்லாமல் கணினிகள் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். வலையமைப்பு முகவரி (ஐபி) வழங்க ஆளில்லாததால், இரண்டும் தாமாகவே 169.254 என்று தொடங்கும் முகவரிகளை எடுத்துக்கொண்டன. இணைப்பு கிடைத்துவிட்டதாகத் திரை சொன்னது. ஆனால் மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் அனுப்பினால் பதிலே இல்லை! ஒரு மணி நேரம் வைஃபை அமைப்புகளையே கிளறிக்கொண்டிருந்தேன். தடுத்தது, வெளியிலிருந்து வரும் தொடர்புகளை வடிகட்டும் விண்டோஸின் ஃபயர்வால். அடையாளம் தெரியாத வலையமைப்பை அது பொது இடமாகக் கருதுகிறது. பிங்குக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்ததும் பதில் வந்தது. ஃபயர்வாலை முழுவதுமாக அணைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

வேகம்தான் ஏமாற்றம்: நொடிக்கு 2 எம்பி. அப்படியே விட்டால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

மறுநாள் லினக்ஸ் கணினியையே ஹாட்ஸ்பாட் ஆக்கி, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தேர்ந்தெடுத்தேன். அது 10.42.0.1 என்ற முகவரியை வைத்துக்கொண்டு, மற்றதற்குத் தானே முகவரி வழங்கியது. காணொளிகள் இருந்த கோப்புறைக்குள் நின்று, பைத்தான் நிரல்மொழியோடு வரும் சிறிய வலைச் சேவையகத்தை ஓட்டினேன். விண்டோஸ் பிரவுசரில் அந்த முகவரியோடு 8000 என்ற போர்ட் எண்ணைத் தந்ததும் கோப்புப் பட்டியல் விரிந்தது. நொடிக்கு 20 எம்பிக்கு மேல்! அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

எல்லாவற்றையும் ஒரே டார் கோப்பாக (பல கோப்புகளை ஒன்றாக்கும் பொதி) கட்டியதுதான் தவறு. பாதியில் விண்டோஸ் உறக்க நிலைக்குப் போய் இணைப்பு அறுந்தது. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி அந்தச் சேவையகத்தில் இல்லை. எனவே 4 ஜிபி துண்டுகளாகப் பிரித்து, உறக்க நிலையையும் நிறுத்திவிட்டு மீண்டும் அனுப்பினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை என்பதைவிட, ஒரு துண்டு கெட்டாலும் அதை மட்டும் திரும்ப எடுத்தால் போதும் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

துண்டுகளை ஒட்டியபின் இருபுறமும் ஷா-256 என்ற சரிபார்ப்புக் குறியீட்டைக் கணக்கிட்டேன். 64 எழுத்துகளும் பொருந்தின. உடனே சேவையகத்தை நிறுத்தினேன். ஓடும்வரை, ஹாட்ஸ்பாட்டில் சேரும் எவருக்கும் அந்தக் கோப்புறை கடவுச்சொல் கேட்காமல் திறந்தே கிடக்கும். அடுத்து இதையே ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் கருவியைக் கொண்டு செய்து பார்க்கப் போகிறேன்.