அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் அப்பா

கன்னியாகுமரி மாவட்டத்தில் அப்பா வளைகுடாவில் இருக்கும் வீடுகள் ஏராளம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊருக்கு வந்தாலும் அந்த அப்பா பிள்ளைகளுக்கு அந்நியராகிவிடுவதில்லை. அம்மா நாள்தோறும் அவரைப் பற்றிப் பேசுகிறாள், பரீட்சையில் வாங்கிய மதிப்பெண்ணைப் போனில் அவரிடம் சொல்ல வைக்கிறாள். ஆனால், விவாகரத்துக்குப் பிறகு தக்கலையில் வாழும் அப்பா, மார்த்தாண்டத்தில் தாய்வீட்டாரிடம் வளரும் தன் மகனுக்குச் சில ஆண்டுகளிலேயே யாரோ ஒருவராகிப் போவதை ஆசிரியையாக நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பேருந்தில் அரை மணி நேரம்தான். ஆனாலும் அந்த வீட்டில் அவர் பெயரை யாரும் எடுப்பதில்லை.

என் வகுப்பில் படித்த ஒரு சிறுமி, அப்பா வாங்கிக்கொடுத்த கைக்கடிகாரத்தைப் பள்ளிக்குள் நுழைந்ததும் கட்டிக்கொள்வாள். மாலையில் மணி அடித்ததும் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவாள். காரணம் கேட்டபோது, "அம்மை பாத்தா சங்கடப்படுவா, டீச்சர்" என்றாள். கடிகாரத்தைக் கட்டக் கூடாது என்று அந்தத் தாய் சொன்னதே இல்லை என்பது பின்னர் எனக்குத் தெரியவந்தது. அப்பாவைப் பார்த்துவிட்டு வந்த நாள்களில் அம்மாவின் முகம் வாடியிருந்ததைக் கண்டே அவள் இதைத் தானாகப் பழகியிருந்தாள்.

உடன் வாழும் பெற்றோரோடு உள்ள உறவும் மாறத்தான் செய்கிறது. இதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. வக்கீல் சொன்னது, வாய்தா தள்ளிப்போனது, இந்த மாதம் ஜீவனாம்சம் வராதது என எல்லாவற்றையும் மூத்த பிள்ளையிடம் கொட்டும் தாய்க்கு வேறு துணை இல்லை என்பது எனக்குப் புரிகிறது. இருந்தாலும், பத்தாம் வகுப்புப் பிள்ளை தாய்க்கு ஆலோசனை சொல்லத் தொடங்கிவிட்டால், தன் சொந்தத் துயரத்தை அவளிடம் சொல்வதை அது நிறுத்திக்கொள்கிறது. பணம் அனுப்பாத தந்தையோ, பிள்ளையின் முகத்தில் விழிக்கக் கூசி, வருவதையும் நிறுத்திவிடுகிறார்.

பிள்ளையின் நலனே முதன்மையானது என்று சட்டம் சொல்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடமே இருக்கும். பரஸ்பர சம்மதத்தோடு விவாகரத்துக் கேட்க இந்துக்கள் ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு 2001இல் திருத்தப்பட்ட 1869ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகம் இரண்டு ஆண்டுகள் என்கிறது. இரு சமயத்தவரும் ஏறத்தாழச் சம அளவில் வாழும் நம் மாவட்டத்தில், தீர்ப்பு வருவதற்கு வெகு முன்பே, இந்தக் காத்திருப்புக் காலத்திலேயே, அப்பா யார், அம்மா யார் என்று பிள்ளைகள் மனத்தில் முடிவாகிவிடுகிறது.

தன்னிடம் பிள்ளை இல்லாத பெற்றோர் அதனோடு நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடமாவது பேசும் உரிமை பெற வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது. வளைகுடாக் குடும்பங்கள் பல்லாண்டுகளாகச் செய்துவருவதும் இதைத்தான். அடித்துத் துன்புறுத்திய தந்தையிடம் பிள்ளையைப் பேச வைக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே விலகியிருப்பதே பாதுகாப்பு. அத்தகைய அச்சம் இல்லாத வீடுகளில், அந்தப் பத்து நிமிடமும் பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்காமல், போனை வைத்த பிறகு "என்ன கேட்டான்?" என்று விசாரிக்காமல் இருந்தாலே பிள்ளை தாராளமாகப் பேசும்.

தந்தைவழிப் பாட்டாவும் ஆச்சியும் விவாகரத்து வழக்கில் கட்சிக்காரர்கள் அல்லர். ஆனாலும் பேரப்பிள்ளைகளை முதலில் இழப்பவர்கள் அவர்களே. ஓணத்துக்கோ கிறிஸ்துமஸுக்கோ பிள்ளைகளை அவர்களிடம் அனுப்ப, தாய் சம்மதித்தால், நீதிமன்ற உத்தரவு எதுவும் வேண்டாம். தாய்மாமன் ஒருவர் காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் அழைத்து வந்தால் போதும்.